கிணற்றுக்கு முந்தின பக்கம் வரை

இந்தக் கதை எனக்கு இரண்டு வாய் மாறி வந்தது. வாகைக்கால் என்ற ஊரில் தன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பெண்களைக் கூட்டி வைத்துப் பீடி சுற்றும் லூர்து, தன் அக்காள் மகள் ஜெபாவுக்குச் சொன்னாள்; ஜெபா கல்லூரி விடுதியில் எனக்குச் சொன்னாள். ஜெபா எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவள் இல்லை. நானும் எதையும் சேர்க்கவில்லை. அவளுக்குத் தெரியாத இடங்களைத் தெரியாததாகவே விட்டிருக்கிறேன்.

லூர்து வீட்டுக் கொட்டகையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் நாவல் வாசிப்பது வழக்கம். வாசிக்கிறவள் ஆவுடை. பத்தாவது வரை படித்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், ஊர்க் கடைசியில் ஒற்றை அறை வீட்டில் தனியாகப் பொங்கித் தின்கிறவள். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கை பீடி சுற்ற முடியாது என்பதால் மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டுப் பீடி சுற்றி அவளுடைய சொளவில், அதாவது முறத்தில், போட்டுவிடுவார்கள்; சாயங்காலம் இலையும் தூளும் கொடுத்த பீடிக்கடையில் சேர்க்கும்போது அவள் பங்கும் மற்றவர்கள் பங்கும் சரியாக இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு, யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. வாசிக்கிறவள் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கக் கூடாது; கதையில் அடுத்து என்ன என்பது அவளுக்கும் மற்றவர்களோடு சேர்ந்துதான் தெரியவேண்டும். கேட்கிறவர்களில் ஒருத்தி ஒரு நாள் வராமல் போனால், மறுநாள் விட்ட கதையை மற்றவர்கள்தான் அவளுக்கு வாயால் சொல்லவேண்டும். வாசிக்கிறவள் சொல்லக் கூடாது, அவள் தொண்டை புத்தகத்துக்கு வேண்டும்.

‘கல்மண்டபத்து வீடு’ என்ற நாவலின் முதல் பாகத்தை ஆவுடை தென்காசி பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிவந்த வருஷம் மழை தவறிப்போன வருஷம். அந்த நாவலின் தொடக்கத்திலேயே, புருஷனை இழந்த கனகவல்லி என்பவள் அண்ணன் வீட்டுக்குப் பிழைக்க வருகிறாள். “தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்ற கனகவல்லி, கொஞ்சம் தண்ணி தாங்க என்றாள்” என்று ஆவுடை வாசித்து முடிக்கவும், கொட்டகை வாசலில் ஒரு பெண் தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்று, கொஞ்சம் தண்ணி தாங்க என்றாள். லூர்து எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் திடுக்கிடவில்லை, அவள் வருவதைத்தான் இப்போது எல்லாரும் கேட்டார்களே. கொட்டகையில் மூத்தவளும் வாய்க்காரியுமான மைதீன் பீவி மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பெட்டிய அங்கன வையி தாயி. உங்க அண்ணன் பொண்டாட்டி ஒரு மாதிரின்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. நீ இங்கனயே இரி.”

அவள் இருந்தாள். இலை வெட்டவும் தூள் வைத்துச் சுருட்டவும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரேஷன் கடையில் அவள் பேருக்குக் கார்டு இல்லை என்றார்கள், அதனால் வீட்டுக்கு ஒரு கை அரிசி கொடுத்தார்கள். பீடிக்கடையில் ஆவுடையின் பாஸ்புத்தகத்திலேயே அவளுக்கும் இலை கொடுத்தார்கள். அவள் சுற்றிய பீடியைக் கடைக் கணக்குப்பிள்ளை கையில் எடுத்துப் பார்த்து, இப்படி ஒரு சுற்று நான் கண்டதில்லை என்று மெச்சிக்கொண்டு ஒன்றைப் பற்றவைத்தபோது அது பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் பற்றவில்லை. வாயில் கிணற்றுத் தண்ணீர் ருசி அடிக்கிறது என்று துப்பிவிட்டு, இலையை அதிகம் நனைக்காதே அம்மா என்று சொல்லி அனுப்பினார். ஆனித் தேரோட்டத்தில் அவளும் பெண்களோடு வடம் பிடித்தாள். அவள் பிடித்த இடத்தில் வடம் ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தார்கள்.

தங்கியது ஆவுடை வீட்டில். அங்கே நடந்தது எதுவும் நாவலில் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் கனகவல்லிக்குத் தூக்கம் வராது என்பதும், சோற்றுப் பானையின் அடிக் காந்தலைச் சுரண்டி மோர் ஊற்றிச் சாப்பிடுவதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்பதும், ஆவுடை கோபித்துக்கொண்டால் அவள் பதில் பேசாமல் ஆவுடையின் புடவையையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவாள் என்பதும் அப்போது ஆவுடைக்கு மட்டும் தெரியும், லூர்துவிடம் அவள் சொன்னது வெகு காலம் கழித்துத்தான். அதுவரைக்கும் ஆவுடையிடம் சாயங்காலத்தில் “இன்னைக்கு என்னக்கா விசேஷம்?” என்று கேட்க ஓர் ஆள் இருந்ததில்லை.

தன் பேர் வருகிற இடத்தை மட்டும் கனகவல்லி உட்கார்ந்து கேட்கமாட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் குழாயடிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் மத்தியானமும் அப்படித்தான் போனாள். “கனகவல்லி குடத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள்” என்று ஆவுடை வாசித்தாள். அடுத்து ஒரு புதிய பக்கம். பக்கத்தைத் திருப்பி, கிணற்றடியில் பாசி படிந்திருந்தது என்று வாசித்தாள், கால் வழுக்கியது என்று வாசித்தாள், சுற்றிலும் யாரும் இல்லை என்று வாசித்தாள். வரி என்ன சொல்கிறது என்று மனசுக்கு எட்டுவதற்குள் நாக்கு அந்த வரியைத் தாண்டியிருந்தது. லூர்து வீட்டில் கிணறே இல்லை. ஆனாலும் ஆழத்தில் தண்ணீர் உடைகிற சத்தத்தைக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாய் திறந்து கிடந்தது, கீழே குடமும் இல்லை, அவளும் இல்லை. ஆவுடை வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் மூடிவரை தண்ணீர் நின்றது.

லூர்து கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மைதீன் பீவி வீட்டில் பாத்திஹா ஓதி இனிப்புக் கொடுத்தாள். தலையாரி வந்து, செத்தது யார், பொணம் எங்கே என்று கேட்டதற்குப் பீவிதான் பதில் சொன்னாள். “நூத்திச் சொச்சம் பக்கத்துல கெடக்கு. போயி எடுத்துட்டு வாரும்.” சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் ஆவுடை எத்தனையோ நாவல் வாசித்தாள். எதிலிருந்தும் யாரும் வரவில்லை. கொஞ்ச காலம் பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். ஆவுடை மட்டும் விடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுத்தாள். பெட்டியைக் கழுவிக் காயவைத்து வைத்திருந்தாள்.

பல வருஷம் கழித்து ‘கல்மண்டபத்து வீடு’ இரண்டாம் பாகம் வந்தது. அதை வாங்கிவந்தவள் பீவியின் புது மருமகள் ரஹ்மத். கொட்டகையில் எல்லாருக்கும் நடுவில் அதை வைத்தாள். யாரும் கையில் எடுக்கவில்லை.

“முதல் பாகம் தெரியாம இத எப்படிக் கேக்க? முதல்ல இருந்து வாசிங்க பெரியம்மா” என்றாள் ஆவுடையிடம்.

“எனக்குமே மறந்துபோச்சு” என்றாள் லூர்து. “அந்த அண்ணங்காரன் பேரு ராசரத்தினமா ராசமாணிக்கமா? திரும்ப வாசிச்சாத்தான் சரிப்படும்.”

“ஏட்டி, வாசிச்சா அவ வருவாள்லா?” என்றாள் பீவி.

“வந்தா வரட்டுமே மைனி. கொஞ்ச நாள் கண்ணால பாத்துக்கிடலாமே. நமக்கு என்ன கசக்கவா செய்யுது?” என்றாள் லூர்து.

ஆவுடை அப்போது நிமிர்ந்தாள். “பாத்துட்டு? அந்தப் பக்கம் வரும்லா, அப்ப என்ன செய்ய? நீங்க பாட்டுக்குக் குனிஞ்சு நூலு கட்டிக்கிட்டு இருப்பிய. நான்லா வாசிக்கணும். ஒருக்கா தெரியாமத் தள்ளிவிட்டேன். தெரிஞ்சே இன்னொருக்கா தள்ளச் சொல்லுதியளா?”

“அப்ப நேரா ரெண்டாம் பாகத்துக்குப் போயிருவோம்” என்றாள் பீவி.

“போனா அவ வரமாட்டா” என்றாள் ஆவுடை. அதைச் சொன்ன குரலைக் கேட்டுத்தான், இவள் எத்தனை வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று மற்றவர்களுக்கு விளங்கியது.

ரஹ்மத் சின்னவள், அவளுக்கு எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. “கிணத்துக்கு முந்தின பக்கத்தோட நிப்பாட்டிருங்க பெரியம்மா. அப்புறம் ரெண்டாம் பாகம்.”

“நிப்பாட்ட வராதுடி. கையில புத்தகம் இருந்தா என் நாக்கு தானா ஓடிரும்.”

கடைசியில் பீவிதான் வழி கண்டுபிடித்தாள். “அப்ப புத்தகத்தையே தொடாண்டாம். விட்ட கதையாச் சொல்லிருவோம். என் மருமவ அன்னைக்கு வேலைக்கு வரல, கொஞ்ச வருஷம் லீவு போட்டுட்டா, அவ்வளவுதான? கிணத்த மட்டும் யாரும் வாயில எடுக்கப்படாது. சொல்லிட்டேன்.”

அப்படியே நடந்தது. மறுநாள் மத்தியானத்திலிருந்து அவர்கள் ரஹ்மத்துக்குக் கதை சொன்னார்கள். ஒருத்தி கனகவல்லி நல்ல உயரம் என்றாள். லூர்து, என் உயரம்தான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது என்றாள். பீவி கொண்டை என்றாள், இன்னொருத்தி பின்னல் என்றாள். யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை, கதை இரண்டையும் வாங்கிக்கொண்டு போயிற்று. வழக்கப்படி ஆவுடை மட்டும் வாய் திறக்கவில்லை. திறந்த ஜன்னலும் காந்தலும் துவைத்த புடவையும் அவள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் அவை புத்தகத்தில் இல்லாதவை, அவளோ வாசிக்கிறவள். வாசிக்கிறவள் விட்ட கதை சொல்லக் கூடாது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களைத் தவிர வேறு யாரும், கனகவல்லியை நன்றாகத் தெரிந்த ஒருத்தியை வாய்மூட வைக்கிற அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

அவள் வந்தாள். தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் சொன்னபடியே வந்தாள். நிற்கும்போது உயரமாகவும் உட்கார்ந்தால் லூர்து அளவாகவும் இருந்தாள். இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குக் கொண்டையும் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குப் பின்னலும் தெரிந்தன. “கொஞ்சம் தண்ணி தாங்க” என்றாள். கொட்டகையில் இருந்த எல்லாரும் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அது ஆவுடையின் குரல். நாவலில் கனகவல்லி பேசிய ஒவ்வொரு பேச்சையும் அவர்கள் ஆவுடையின் வாயிலிருந்து கேட்டவர்கள்; கனகவல்லியின் சொந்தக் குரல் எப்படி இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆவுடை எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். “வந்துட்டியா?”

“நீங்க யாருக்கா?” என்று ஆவுடையின் குரலிலேயே அவள் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஆவுடை அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள், எதற்குச் சிரிப்பாள், ஒரு தடவை இருவரும் மழைக்கு ஒதுங்கப்போய்ப் பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றெல்லாம் சொன்னாள். கனகவல்லி வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியாக்கா” என்றாள். ஜன்னல் திறந்தா மூடியா என்று அவள் கவனிக்கவில்லை.

கதை சொல்லி முடிந்த நாளில்தான் தொல்லை ஆரம்பித்தது. அவர்கள் கதையைக் கிணற்றுக்கு முந்தின பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு கனகவல்லி பின்வாசலுக்கு வந்தாள், அத்தோடு சரி. அன்று சாயங்காலம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்வாசலுக்குப் போனாள். போனவள் நிலைப்படியில் நின்றாள். அந்தப் பக்கம் கால் வைக்கவும் இல்லை, இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் திருப்பி, “அப்புறம் என்னக்கா?” என்று கேட்டாள். காலையில் பார்த்தபோதும் அவள் அங்கேயே, இடுப்பில் குடத்தோடு நின்றாள். வெறும் குடம்தான், ஆனால் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு தினமும் அதுதான். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகவும் வரவும் பழகிக்கொண்டார்கள். லூர்து நிலைப்படியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டாள், ஈரம் உள்ளே வராமல் இருக்க. காப்பி ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள். ஆனால் இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் திடீர் திடீரென்று ஆவுடையின் குரல், ஆவுடையின் உதடு அசையாமல் இருக்கும்போதே, அப்புறம் என்னக்கா, அப்புறம் என்னக்கா என்று கேட்கும். சில பெண்கள் இலையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்து சுற்றுகிறோம் என்று நின்றுவிட்டார்கள்.

“இது பாவம்டி” என்றாள் பீவி. “பிள்ளைய வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கோம். ஒண்ணு அந்தப் பக்கத்த வாசி, இல்ல ரெண்டாம் பாகத்த எடு.”

“ரெண்டாம் பாகத்துல அவ செத்துப்போனவன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா?”

“இருக்கத்தான் செய்யும். அவ செத்ததுக்கு அப்புறம் நடக்குத கதைலா அது.”

ஆவுடை கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் சாவு நிச்சயம். இரண்டாம் பாகத்தில் அப்படி ஒரு வரி வராமலும் போகலாம். புத்தகத்தைக் கையில் எடுத்தாள். “கிணத்தத் தாண்டிப் போயிருவோம்” என்றாள்.

முதல் வரியை வாசித்தாள்: “பத்து வருஷங்கள் ஓடிவிட்டன.” நிலைப்படியில் குடம் இறங்குகிற சத்தம் கேட்டது. கனகவல்லி திரும்பி உள்ளே நடந்துவந்து ஆவுடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இப்போது கொண்டைதான், அதில் நரை ஓடியிருந்தது.

தன் கதையை உட்கார்ந்து கேட்காதவள் இந்த முறை ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை. ஆவுடையின் தோளை ஒட்டி உட்கார்ந்து, எழுத்துத் தெரியாவிட்டாலும், புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடைக்கு ஒவ்வொரு வரியும் பாசியில் கால் வைக்கிற மாதிரி இருந்தது. “கூடத்துச் சுவரில் அந்த வீட்டில் மறைந்தவர்களின் படங்கள்” என்று ஒரு வரி வந்தபோது அவள் குரல் இழுபட்டது. பெண்கள் கையில் இருந்த இலை நின்றது. பீவி, “வாசி, அல்லா இருக்கான்” என்றாள். வாசித்தாள். தாத்தாவின் படம், பெரியப்பாவின் படம், அத்தோடு சுவர் முடிந்துவிட்டது. “என் பேரு வந்துச்சாக்கா?” என்று கனகவல்லி கேட்டாள். “இல்லட்டி” என்றாள் ஆவுடை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அத்தை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சொத்துத் தகராறு வந்தது, தங்கை பங்கு என்று யாரும் பேசவில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ஆவுடைக்கு மூச்சு வந்தது. கனகவல்லியின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு போயிற்று.

“பத்து வருஷமா என்னை ஒருத்தரும் தேடலையேக்கா” என்றாள்.

“நான் தேடினேன்” என்றாள் ஆவுடை.

கனகவல்லி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஞாபகம் வந்த பார்வை இல்லை அது. புதிதாக ஓர் ஆளைப் பார்க்கிற பார்வை. ஆனால் அன்று பீடி சுற்றும்போது யாரும் சொல்லாமலே ஆவுடையின் சொளவில் ஒரு கட்டைப் போட்டாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்த நாளில் விட்டுப்போன பெண்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆவுடை பக்கத்தைத் திருப்பினாள். எண்ணுக்குக் கீழே அத்தியாயத்தின் தலைப்பு இருந்தது. அதைப் பார்த்தாள். வாய் திறந்தது, நாக்கு ஓடப்பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள். வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நடுவில் நிறுத்தியது அன்று ஒருநாள்தான்.

“என்ன பெரியம்மா?” என்றாள் ரஹ்மத்.

ஆவுடை விரல் வைத்திருந்த இடத்தைத் திறந்து அவளுக்குக் காட்டினாள். ரஹ்மத் பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள், பீவி பார்த்துவிட்டு லூர்துவைப் பார்த்தாள், அப்படியே அது வாய்ச்சொல் இல்லாமல் எல்லாரையும் சுற்றிவந்தது. ‘பழைய கிணறு’ என்று போட்டிருந்தது. கனகவல்லிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

“அச்சுல விட்டுப்போச்சு தாயி” என்றாள் பீவி. “இவ்வளவுதான் கதை. காசு வாங்குறானுவளே ஒழிய ஒழுங்கா அடிக்கிறானுவளா?”

“அப்புறம் என்னக்கா?” என்று கனகவல்லி ஆவுடையைக் கேட்டாள்.

வாசிக்கிறவள் வாயால் கதை சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். “அப்புறம் என்ன” என்றாள் ஆவுடை. “நாளைக்குக் காலையில நீயும் நானும் கடைக்கு இலை வாங்கப் போறோம். வார வழியில கத்தரிக்காய் வாங்குதோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் நாளைக்குச் சொல்லுதேன்.”

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஆவுடை அடுத்த நாளைச் சொன்னாள், அடுத்த நாள் அவள் சொன்னபடி நடந்தது. காய்ச்சலில் படுத்துச் சொல்ல மறந்த ஒரு நாள் கனகவல்லி விடியும்வரை நிலைப்படியில் நின்றாளாம். லூர்து சொன்ன கதை அதோடு முடிகிறது. அவர்கள் அந்தப் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றி நூல் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், ஆவுடைக்கும் வயசாகிறது என்றும் ஜெபா சொன்னாள்.

போன மாதம் மாவட்ட நூலகத்தில் அந்த இரண்டாம் பாகம் கிடைத்தது. முதல் பாகத்தைப் படிக்காமல் நேராகக் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். நாலு பக்கம்தான். கனகவல்லி என்ற பேர் அதில் இல்லை, முன்னால் இருக்கும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், அவற்றிலும் இல்லை. வீட்டை விற்கும்முன் பின்வாசலில் உள்ள கிணற்றை மண் கொட்டி மூடுகிறார்கள். மூடுவதற்கு முன்னால் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை.